வைசோலோவில் யாரும் திறக்கவில்லை

வைசோலோ ஊரே ஒரே வாரத்தில் எங்கள் செயலியைத் திறப்பதை நிறுத்திவிட்டது. கடலுக்குப் போகுமுன் காற்றும் அலையும் எப்படி என்று மீனவர்கள் பார்த்துக்கொள்ளும் செயலி அது. பிஜித் தலைநகர் சூவாவில் நாங்கள் மூன்று பேர் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

"அக்கா, எண்ணிக்கை இன்னும் இறங்கினா பணம் போட்ட மெல்பர்ன்காரங்க கடையைச் சாத்திடுவாங்க. அப்புறம் நாம தெருவுலதான்," என்றான் ரோனில். வயதில் சின்னவன், எனக்கு மேலதிகாரி. டவர் பழுதா, புதுப் பதிப்பில் கோளாறா என்று திரையில் ஓடும் கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தான். ஊரில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். படித்த மூடர்கள். கடைசியில் நானே கப்பல் ஏறினேன்.

துறையில் வந்து என்னை ஏற்றிக்கொண்டவர் படகுக்காரர் இனோகே. அவர்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் கேலிமுறை உண்டு, கண்டபடி திட்டிக்கொள்ளலாம்.

"சூவா சோறு நல்லா ஒட்டுது போல, செரெய்மா. நடுவுல உக்காரு, படகு சாயுது."

"உன் மண்டையை அந்தப் பக்கம் வை. ஆனா உள்ளே ஒண்ணும் இல்லையே, எடை நிக்காது!"

பதிலுக்கு ஏசாமல் அவர் முன்னால் கை காட்டினார். பவளத்திட்டின் வாயில் ஒரு கம்பம் நட்டு, தென்னங்கீற்று கட்டியிருந்தார்கள்.

பார்த்ததும் விளங்கிவிட்டது. தலைவர் வீட்டில் சாவு. நூறு இரவு கழியும்வரை அந்தக் கடலில் யாரும் மீன்பிடிக்க மாட்டார்கள். மீன்பிடிக்காதவன் காற்றைப் பார்த்து என்ன செய்வான்? எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம்தான். தடை முடிந்ததும் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று கரையேறுமுன்பே ரோனிலுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஊருக்குள் போனால் மரியாதைக்குக் கொடுக்கும் யங்கோனா வேரைத் தலைவர் முன் வைத்துத் துக்கம் கேட்டேன். போனது அவருடைய மூத்த மகன் செமேசா. படகு கவிழ்ந்துவிட்டதாம். அவன் மனைவி லித்தியானா கறுப்பு உடுத்திப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"காத்து பாக்காமலா போனாரு?" என்று அவளிடம் கேட்டேன்.

"பாத்துட்டுத்தான் போனாரு, அக்கா. எங்கிட்டயும் காட்டினாரு. சூரியன் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

 சிவப்பு எச்சரிக்கை முதல் பக்கத்தில் இருந்தால் ஆட்கள் உடனே மூடிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள் என்று, போன மாதம்தான் அதை உள்பக்கத்துக்குத் தள்ளினோம். முன்னால் ஒரு சூரியனை ஒட்டினோம். எண்ணிக்கை ஏறியது. கேக் வெட்டினோம்.

"லித்தியானா, அதுல உள்ளே..." என்று தொடங்கினேன். 

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அந்த ஆபீஸ்னு சொன்னாங்க. உங்க மேல ஒரு குறையும் இல்ல. கடல்னா அப்படித்தான். தடை முடிஞ்சா என் தம்பிங்க போகணும். அவங்க போன்லயும் உங்க செயலியைப் போட்டு வச்சிருக்கேன்."

ரோனிலின் பதில் வந்தது: "சூப்பர் அக்கா! தடை என்னிக்கு முடியுதுன்னு மட்டும் கேட்டு வைங்க. அன்னிக்கு எண்ணிக்கை எகிறிடும்!"

கேட்டேன். லித்தியானா சொன்னாள். பிறகு தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையை என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன்.