கடைசி வீட்டுக் கடல்

மலேசிய மலையில், தானா ராத்தா ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், போன மழைக்காலம், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டுக்குள் கடல் வந்து நிரம்பியது. தரையிலிருந்து கூரைவரை உப்புத் தண்ணீர். கதவு திறந்தே கிடந்தும் ஒரு சொட்டு வாசலைத் தாண்டவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து பார்த்தார், பைப்பு உடைந்துவிட்டது என்று லயம் முழுவதற்கும் தண்ணீரை அடைத்துவிட்டுப் போனார். நாங்கள் நாலு நாள் குளிக்காமல் கிடந்ததுதான் மிச்சம். அப்புறம் மீன்கள் தெரிந்தன. பிரிஞ்சாங் சந்தையில் மீன் விற்கிற விலைக்கு இது போதாதா என்று பக்கத்து வீட்டுத் திலகம் தூண்டில் போட்டாள். ஒன்றும் சிக்கவில்லை.

வீடு அம்சவல்லியுடையது. கொழுந்தெடுக்கிறவள். அவள் புருஷன் நாகப்பன் மலையில் பிறந்தும் குளிர் ஒத்துக்கொள்ளாதவன். தியோமான் தீவில், சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் இறக்கும் கடை ஒன்றில் சாமான்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். லீவில் வரும்போது முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரையும் குழாய்களையும் சமையல்கட்டில் பரப்பி அவளுக்குப் பாடம் நடத்துவான். காதல் பேச்சு என்று அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவை. குழாயை மடக்கினால் வெடிப்பு தெரியும். காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் தொடாதே. மூச்சிழுக்கும்போது மீட்டர் முள் ஆடினால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை. "எல்லாத்தையும் நீயே பாத்தாலும் கடைசியா இன்னொருத்தர் கை வச்சுப் பாக்கணும்லா. நம்ம கண்ணு நமக்கே பொய் சொல்லும், அம்சா." ஊருக்குத்தான் உபதேசம். ஒரு நாள் அவசரத்தில் யாரையும் கூப்பிடாமல் இறங்கினான். வால்வு பாதிதான் திறந்திருந்தது. மேலே வந்த மூச்சு ஆழத்தில் வரவில்லை. அவன் கழற்றிவிட்ட சாமான் கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. அவள் அதைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். கருமாதி முடிந்த மறுநாள் கடலும் வந்து சேர்ந்தது.

தண்ணீருக்குள் கட்டிலில் நாகப்பன் உட்கார்ந்திருந்ததை லயமே பார்த்தது. பழைய மாதிரியே நகம் கடித்துக்கொண்டிருந்தான். அம்சவல்லி உள்ளே போய் அவனோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்தாள். வெளியே அவளுக்கு என்ன இருந்தது? பிள்ளை இல்லை. திலகம் வீட்டு அடுப்படியில் படுக்கை. பனி இறங்கிவிட்டால் பேச ஒரு வாய் கிடையாது. சாமானைக் கழுவினாள், குழாயை மடக்கினாள், முள்ளைப் பார்த்தாள். இன்னொரு கைதான் இல்லை. கங்காணி காளியண்ணனைக் கேட்டாள்.

"செத்தவன் சாமானத் தொடச் சொல்றியே, நான் பிள்ளகுட்டிக்காரன்மா."

திலகமும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். லயத்தில் ஒருவரும் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் அவளே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். நாகப்பன் கட்டிலை விட்டு எழுந்து வந்தான். தண்ணீரிலிருந்து அவன் கை மட்டும் வெளியே நீண்டது. வார்களை இழுத்துப் பார்த்தது, குழாயை மடக்கியது, வால்வைத் திருகியது. தோள் வாரில் தையல் விட்டிருந்த இடத்தைத் தட்டிக் காட்டி, போ என்று அவளைத் தள்ளியது. தைத்துக்கொண்டு மறு ஞாயிறு வந்தாள். அன்றைக்கு ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. அதற்கடுத்து வாயில் கடிக்கும் ரப்பரில் கீறல். வாராவாரம் ஒரு குறை. அவளும் சளைக்காமல் டவுனுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

பிறகு குறையே இல்லாத ஒரு ஞாயிறு வந்தது. கை தேடியது. திரும்பத் திரும்பத் தேடியது. கடைசியில் நன்றாகத் திறந்திருந்த வால்வை மூடிவிட்டு, அவள் கன்னத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. இவன் தன்னை உள்ளே விடப்போவதே இல்லை என்று அம்சவல்லிக்கு அப்போதுதான் விளங்கியது. வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நாங்கள் எல்லாரும் அவரவர் கதவுக்குப் பின்னால் நின்றோம். அழுது முடித்து எழுந்தவள், "சரி, அடுத்த வாரம் பாக்கலாம்லா," என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. ஞாயிறு காலை வால்விலிருந்து புஸ்ஸென்று காற்று கேட்டால் துணி துவைக்க எழுந்துவிடுகிறோம். காயப்போட்ட சேலையெல்லாம் உப்பு நாறுகிறது என்று திலகம் மட்டும் முனகுவாள். அம்சவல்லி சாமானைக் கழுவித் துடைத்து எல்லாம் சரிபார்க்கிறாள். கிளம்புமுன் ஒரு வாரை மட்டும் தானே தளர்த்திவிட்டுக்கொள்கிறாள். பாவம், மனுஷன் தேடிக் கஷ்டப்பட வேண்டாம் என்று.