முதல் சிலிண்டரில் கரி

இஞ்சினின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிக் கொட்டகை மேசையில் வரிசையாக வைத்தேன். மூன்று பிளக்குகளின் நுனி வெளிர் பழுப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் சிலிண்டருடையது மட்டும் கரி. தொட்டால் விரலில் ஒட்டியது. பெட்ரோல் வாடை அடித்தது.

இந்தக் கோடை முழுவதும் இதே கதை.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் மாவட்ட மைதானத்து மண் பாதையில் நாலு சிலிண்டர் வண்டிகளுக்கு ஒரு பந்தயம் உண்டு. நான் ஓட்டுகிறேன். வண்டியைக் கட்டியது என் கணவன் வெர்லின். வசந்தத்தில் முதல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். அதன் பிறகு ஆறு, ஏழு, ஆறு. வளைவை விட்டு வெளியே வரும்போது வண்டி இருமும். பின்னால் கரும்புகை போகும். அதற்குள் இரண்டு பேர் தாண்டிவிடுவார்கள்.

"என்ன மார்லிஸ், மடியில முட்டைத் தட்டு வச்சிட்டு ஓட்டுறியா?" என்பான் டுவேன் ஹ்ருஸ்கா. பதினேழாம் எண் வண்டி அவனுடையது.

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். வெர்லினும் சிரிப்பான்.

"அவளுக்குக் கால் கனம்டா. மிதிச்சா எடுக்க மாட்டா. இஞ்சினு வேற என்ன பண்ணும், புகையத்தான் கக்கும்."

நான் அதை நம்பினேன். அடிப்பாகம் மெலிந்த ஷூ வாங்கினேன். மிதியிலிருந்து காலை முன்கூட்டியே எடுத்துப் பார்த்தேன். ஏழாவதாக வந்தது அந்த வாரம்தான்.

இன்று சனிக்கிழமை. வெர்லின் தானியக் கிடங்கில் வேலைக்குப் போயிருந்தான். மதியம்தான் வருவான். இஞ்சின் அவன் பாடு, ஓட்டுவது என் பாடு என்று வைத்திருந்தோம். ஆனால் ஏப்ரலில் இந்த இஞ்சினை இரண்டு பேரும் சேர்ந்துதான் பூட்டினோம். எனக்கும் கை இருக்கிறது.

தீப்பொறி சரியாக இருந்தது. அழுத்தம் நான்கிலும் ஒரே அளவு. முதல் சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி மூன்றாவதில் போட்டேன். மூன்றாவதில் இருந்ததை முதலாவதில் போட்டேன். கோளாறு இன்ஜெக்டரில் இருந்தால் அதன் கூடவே போகும், மூன்றாவது கறுக்கும். பிளக்குகளைத் துடைத்துப் பூட்டி, சோளக்காட்டு ஓரப் பாதையில் நன்றாக மிதித்து ஓட்டிவிட்டு வந்து மறுபடி கழற்றினேன்.

மூன்றாவது சுத்தம். முதலாவது கரி.

அப்படியானால் பெட்ரோல் வேறு வழியாக வருகிறது. வேறு வழி ஒன்றுதான் உண்டு. பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் முதல் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் காற்றுப் பாதைக்குப் போகும். அந்தக் குழாயில் காற்றைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

குழாயைப் பிடுங்கினேன். பெட்ரோல் சொட்டியது.

ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. இஞ்சின் பெட்ரோலை அந்தக் கிழிசல் வழியாக உறிஞ்சி முதல் சிலிண்டருக்குக் கூடுதலாக ஊட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். என் காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கழற்ற ஸ்பேனரை வைத்தபோதுதான் போல்ட்டைப் பார்த்தேன். எந்தப் போல்ட்டை இறுக்கினாலும் அதன் மேல் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு வைப்பது என் வழக்கம். அசைந்தால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுக்கும். உடைந்திருந்தது. ஏப்ரலில் நான் பூட்டியது புது ரெகுலேட்டர். இது துருப்பிடித்த பழசு.

வெர்லினின் கருவிப் பெட்டியைத் திறந்தேன். அடி அறையில், ஒரு துணியில் சுற்றி, என் ரெகுலேட்டர் இருந்தது. அவன் அதை ஒளிக்கக்கூட இல்லை. நான் தேடமாட்டேன் என்று நினைத்திருக்கிறான்.

மதியம் அவன் இரண்டு பொட்டலங்களோடு வந்தான். பொரித்த பன்றிக்கறி வைத்த பன். மேசையில் கறுத்த பிளக்கும், பக்கத்தில் இரண்டு ரெகுலேட்டர்களும் கிடந்தன. பார்த்தான். பொட்டலங்களைக் கீழே வைத்தான்.

"மொதல்ல சாப்பிடு. ஆறிடும்."

"இது என்ன?"

"எது?"

"வெர்லின், என்னைக் கிறுக்கியாக்காத. ஓட்டை ரெகுலேட்டர நீதான மாட்டின?"

தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"டுவேன் கண்ணு வச்சிருக்கான் மார்லிஸ். அன்னிக்கு நீ மூணாவதா வந்தப்பவே வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தான். நீ நாலுக்குள்ள வந்தா போதும், வண்டியக் கேட்டுருவான்."

எங்கள் பந்தயத்தில் அப்படி ஒரு விதி. முதல் நான்கு இடங்களில் வந்த எந்த வண்டியையும், கூட ஓடிய ஓட்டுநர் யார் வேண்டுமானாலும் ஒரு நிர்ணயித்த தொகையைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். யாரும் விலை உயர்ந்த இஞ்சினைக் கொண்டுவரக் கூடாது என்பதற்காக வைத்த விதி. தரமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் வந்த இடமும் போகும், அந்த வருடத்தின் மீதிப் பந்தயங்களும் போகும். முந்தைய வண்டியை வெர்லின் அப்படித்தான் இழந்தான். எடுத்தவன் டுவேன்.

"அதனால என்னை ஆறாவதா வர வச்சியா?"

"ஆறாவது வந்தா என்ன கொறஞ்சு போச்சு? ஜாலிக்குத்தான ஓட்டுற?"

"யாரு சொன்னா?"

அவன் ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"கால் கனம்னியே. ஊரே நின்னு சிரிச்சுதே. நீயும் சேந்து சிரிச்சியே."

"சும்மா சொன்னேன்மா. எதையாவது சொல்லணும்ல."

"நான் ஷூ வாங்கினேன்யா!"

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நான் இவ்வளவு சத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"வண்டியக் காப்பாத்தத்தான் செஞ்சேன்," என்றான்.

எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாரு. நல்லா மோந்து பாரு. எண்ணெயா இது? எரியாத பெட்ரோலு பூரா கீழ எறங்கி பேரிங்கத் தின்னுட்டிருக்கு. இதான் நீ காப்பாத்துற லட்சணமா?"

"அதான் வாராவாரம் எண்ணெய மாத்துறேன்ல."

கம்பியை மேசையில் போட்டேன். வாரம் தவறாமல் வண்டிக்கு அடியில் படுத்து அவன் எண்ணெய் மாற்றுவதைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உன் சீட்டச் சுத்தி இருக்கே இரும்புக் கூண்டு, நான் வெல்டு வச்சது அது," என்றான். "ஒரு குளிர்காலம் பூரா. அது என் வண்டி."

"சரி. உன் வண்டி. இன்னிக்கு ஓட்டுறது நான்."

புதியதைப் பூட்டினேன். எண்ணெயை மாற்றினேன். அவன் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றான். எனக்கு வாங்கியதை நாய்க்குப் போட்டேன்.

மாலை பந்தயத்தில் எட்டாவது இடத்திலிருந்து கிளம்பினேன். பழைய ஷூதான் போட்டிருந்தேன். முதல் வளைவிலிருந்து வெளியே வந்து மிதித்தேன். இருமல் இல்லை. வண்டி என் முதுகைப் பிடித்துத் தள்ளியது. அந்தக் கணத்தில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. இத்தனை வாரமும் இது இங்கேயே இருந்தது என்ற ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடு ஒவ்வொருவராகத் தாண்டினேன். கடைசிக்கு முந்தைய சுற்றில் டுவேனின் கதவை உரசிக்கொண்டு உள்பக்கமாகப் போனேன். கொடி எனக்குத்தான் முதலில் விழுந்தது.

ஜெயித்த வண்டிகளைச் சோதிக்கும் திடலில் நிறுத்தி இறங்குவதற்குள் டுவேன் அதிகாரியின் மேசையில் பணத்தை வைத்துவிட்டான்.

வெர்லின் ஓடி வந்தான். "முடியாதுன்னு சொல்லு. மார்லிஸ், சொல்லிரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சொன்னா ஜெயிச்சது போயிரும்."

"ஒரு கோப்பைதானே!"

நான் அதிகாரியைப் பார்த்தேன். "குடுத்துடுறேன்," என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

விதிப்படி இருக்கை மட்டும் ஓட்டுநருக்குச் சொந்தம். குனிந்து அதைக் கழற்ற ஆரம்பித்தேன். டுவேன் கூண்டில் சாய்ந்து நின்றான்.

"முட்டையெல்லாம் எங்க மார்லிஸ்?"

"உன் தலையிலதான் ஒடச்சேன். தொடச்சுக்கோ."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நல்ல சிரிப்புதான்.

"ஓட்டுறதுக்கு முன்னாடி பேரிங்கக் கழட்டிப் பாரு," என்றேன். "கோடை பூரா பெட்ரோல்ல ஊறியிருக்கு."

"எப்படி ஊறிச்சு?"

"கட்டினவரு அதோ நிக்கிறாரு. கேளு."

டுவேன் திரும்பினான். பக்கத்தில் நின்றவர்களும் திரும்பினார்கள். வெர்லின் தரையைப் பார்த்தான்.

இருக்கையைத் தூக்கிக்கொண்டு எங்கள் டிரக்குக்குப் போனேன். முன்பக்கம், எனக்குப் பக்கத்தில் அதை வைத்து பெல்ட்டைப் போட்டேன். கோப்பையை அதன் மேல் வைத்தேன். வெர்லின் வந்து கதவைத் திறந்தான்.

"நான் எங்க உக்காருறது?"

டுவேனின் டிரெய்லரில் வண்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உன் வண்டிதான அது," என்றேன். "அதுலயே போ."

கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பின்னால் எங்கள் காலி டிரெய்லர் தடதடத்துக்கொண்டே வந்தது.