ஒரு பிடி சீனி

அபிசனாவின் கையிலிருந்த அரிசி, சவப்பெட்டிக்குள் கிடந்த தகப்பன் தேவராசாவின் வாய்க்குப் போகாமல் நெஞ்சில் கொட்டுண்டது.

“ஐயோ, பிள்ளைக்குத் தகப்பனிலை உயிர். கை நடுங்குது பாருங்கோ!” என்று தேவராசாவின் தமக்கை அற்புதராணி குரலெடுத்து அழுதாள். விறாந்தையில் நின்ற பெண்களும் சேர்ந்து அழுதார்கள். வெளியே பறை அடித்துக்கொண்டிருந்தது.

தலைமாட்டில் இருந்த பராசக்தி மட்டும் அழுகையை விட்டுப் பிள்ளையைப் பார்த்தாள். தேவராசாவுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள்தான். என்றாலும் துக்கம் எது, நோய் வருத்தம் எது என்று அவளுக்குத் தெரியாதா? பிள்ளையின் மேலுதட்டில் வியர்வை. கண் செருகியது. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை, செத்தவீட்டு அமளியில் ஒருவாய் சாப்பிடவில்லை. இதையெல்லாம் கவனிக்கிற மனுசன் பெட்டிக்குள் கிடக்கிறார், நானாவது நினைத்திருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

“எங்கை போறாய்? நீ இப்ப எழும்பக்கூடாது!” என்று அற்புதராணி மறித்தாள்.

அவள் காதில் வாங்கவில்லை. தேத்தண்ணிக்கு வைத்திருந்த சீனிப் போத்தலோடு வந்து, பிள்ளையை மடியில் சாய்த்து, ஒரு பிடியை அள்ளிக் கன்னத்துக்குள் வைத்தாள்.

“சலரோகக்காரப் பிள்ளைக்குச் சீனியோ! சித்தி எண்டதைக் காட்டிப்போட்டியே!”

“வாயை மூடுங்கோ மச்சாள். இவளுக்கு ரத்தத்திலை சீனி இறங்கிப்போச்சு, இப்ப இதுதான் மருந்து. அவர் பொறுத்திருப்பார். இவளாலை ஏலாது.”

பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஊர் பராசக்தியைத்தான் குறைசொல்லும். சொல்லட்டும். இவளும் போனால் தனக்கென்று யார் இருக்கிறார்கள்?

“விழுங்கு என்ரை குஞ்சு, விழுங்கு.”

மெல்ல மெல்ல வியர்வை அடங்கியது. அபிசனா கண்ணைத் திறந்தாள்.

“இன்னும் கொஞ்சம் தாங்கோ.”

அற்புதராணி உள்ளே ஓடி, பாண் துண்டும் வாழைப்பழமும் எடுத்துவந்து பிள்ளையின் கையில் வைத்தாள்.

மனைவிதான் கடைசியாக வாய்க்கரிசி போடவேண்டும். சீனி ஒட்டிய விரல்களைப் பராசக்தி சேலையில் துடைக்கப் போனாள். அபிசனா எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

“துடையாதேங்கோ சித்தி. எனக்கு இந்த வருத்தம் எண்டு தெரிஞ்ச நாளிலையிருந்து அப்பா தன்ரை தேத்தண்ணிக்குச் சீனி போட்டதில்லை.”

பராசக்தி அந்தக் கையாலேயே அரிசியை அள்ளி அவர் வாயில் வைத்தாள்.