சொனாட்டா வழக்கு

எழுமலை கிராமத்து உக்கிரபாண்டிக்கும் அவருடைய மச்சான் வெள்ளைத்துரைக்கும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு. கோர்ட்டில் பார்த்துவிடுவது என்று உக்கிரபாண்டி பஸ் ஏறி வக்கீலைத் தேடி மதுரைக்கு வந்தார்.

வந்த நேரம் சரியில்லை. சீமைக்குத் திரும்பிய ஆங்கிலேயத் துரை ஒருவரின் பியானோவை வக்கீல் பட்டாபிராமன் அப்போதுதான் ஏலத்தில் எடுத்திருந்தார். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் உட்காரவைத்து, அதில் வாசிக்கும் சொனாட்டா என்ற சீமை இசை உருப்படி எப்படி அமைகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"கேளும். முதல் மெட்டு தன் வீட்டு சுருதியில இருக்கு. ரெண்டாவது மெட்டு வேற வீட்டு சுருதியில வந்து நிக்கறது. நடுவுல ரெண்டையும் பிச்சுப் புரட்டி இழுத்தடிக்கறான். கடைசியில ரெண்டாவதும் முதல் மெட்டோட வீட்டுக்கே வந்து, ஒரே சுருதியில முடியறது!"

உக்கிரபாண்டிக்குப் புல்லரித்தது. முதல் மெட்டு அவர், ரெண்டாவது வெள்ளைத்துரை; வாயைத் திறக்கும் முன்பே வழக்கை முடித்துவிட்டாரே!

"இது யாரு ரோசனைங்கய்யா?"

"பீத்தோவன். ஹைடன்கிட்டப் பாடம் கேட்டவன். மோசார்ட்டைக் கரைச்சுக் குடிச்சவன். ஆனா ஹைடன் நடுப்பகுதியைச் சுருக்கா முடிச்சுடுவார். இவன் லேசுல விடமாட்டான். இதோ, இந்த இடத்துல மட்டும் அப்படியே ஹைடன் வாடை!"

உக்கிரபாண்டி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

உள்ளேயிருந்து வக்கீலின் மனைவி அகிலாண்டம், "ஏன்னா, என்ன வழக்குன்னு கேட்டேளா?" என்றாள். அதற்குள் உக்கிரபாண்டி கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தார்.

ஊருக்குப் போனதும் வெள்ளைத்துரையை வாய்க்கால் கரையிலேயே மறித்தார்.

"மாப்ள, எனக்கு ஒத்த வக்கீலு மட்டும் இல்ல. பட்டாபிராமய்யருக்கு மேல பீத்தோவன், அவருக்கு மேல ஹைடன், பக்கபலத்துக்கு மோசார்ட்டு! அம்புட்டுப் பேரும் சீமைக்காரவுக!"

வெள்ளைத்துரைக்கு வேர்த்தது. "எம்புட்டு நாளு இழுப்பாக?"

"ஹைடன்னா சீக்கிரம். பீத்தோவன்னா சொல்லமுடியாது."

ஆளுக்கொரு நாள் தண்ணீர் என்று அங்கேயே முடிவாயிற்று. நன்றி சொல்ல இருவரும் வாழைத்தாரோடு மதுரைக்கு வந்தார்கள்.

"பீத்தோவன் அய்யா இருக்காகளா?"

"அவர் போய் நூறு வருஷமாச்சே!"

"செத்துமா செயிச்சாரு!" என்று வெள்ளைத்துரை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பட்டாபிராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேர் கிடைத்தார்களே என்ற சந்தோஷத்தில் பியானோவைத் திறந்து, முதல் மெட்டிலிருந்து மறுபடி விளக்கினார். முடிவு வந்ததும் வெள்ளைத்துரை எழுந்துவிட்டார்.

"ரெண்டாவது மெட்டு ஏன் இறங்கி வரணும்? முதல் மெட்டு அங்கிட்டுப் போனாக் கொறஞ்சா போயிரும்?"

"அது வழமொறை மாப்ள!"

"எவன் வச்ச மொறை?"

"ஹைடன் வச்சது!"

இருவர் துண்டும் தோளிலிருந்து இறங்கிச் சண்டைக்கு இடுப்பில் இறுகியது. அகிலாண்டம் வாழைத்தாரை மட்டும் பத்திரமாக உள்ளே எடுத்துப் போனாள்.

அன்று மாலையே உக்கிரபாண்டி பட்டாபிராமனிடம் வக்காலத்துக் கொடுத்தார். வெள்ளைத்துரை எதிர்வீட்டு வக்கீலைப் பிடித்தார். அவருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது என்பதை முதலில் நன்றாக விசாரித்துக்கொண்டார்.