எழுபத்து நான்கு புள்ளி

இசபெல் அந்தத் தீவுப் பாடசாலைக்கு ஐந்து முறை போயிருந்தாள். கற்பிட்டியிலிருந்து காலை ஆறரைக்குப் படகு. உச்சமுனையைத் தாண்டி இன்னும் கொஞ்சத் தூரம். ஒவ்வொரு முறையும் பதினோராம் தரத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, அக்மல் சேர் கணிதம் படிப்பிப்பதைப் பார்த்து, படிவத்தை நிரப்பிக்கொண்டு ஒன்றரை மணிப் படகில் திரும்பினாள்.

கல்வி வலயத்தில் அப்படியொரு வழிகாட்டல் திட்டம் தொடங்கியிருந்தார்கள். கொஞ்சம் பேரெடுத்த ஆசிரியர் ஒருவர் தூரத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு வழிகாட்ட வேண்டும். மாதத்துக்கொரு வருகையாக ஆறு வருகை. படிவத்தில் இருபது கேள்வி, கேள்விக்கு ஐந்து புள்ளி. இசபெலுக்கு வயது இருபத்தொன்பது, அக்மலுக்கு முப்பத்து நான்கு. தன்னைவிட மூத்தவருக்கு என்ன வழிகாட்டுவது என்று முதல் நாள் படகில் யோசித்துக்கொண்டே போனாள்.

அக்மல் தில்லையடிக்காரர், வாரநாட்களில் தீவிலேயே தங்குகிறவர். கணக்குத் தெரிந்தவர். ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் தானே சொல்லிவிடுவார். கேட்டதும் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள் என்று இசபெல் சொன்னாள். அதற்கு மேல் பெரிதாக எதையும் சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை. இரண்டாம் வருகையில் அவர் பத்து வரை எண்ணினார். மூன்றாம் வருகையில் படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெயும் ஒயிலும் கலக்கும் அளவை வைத்து விகிதம் படிப்பித்தார். அப்படிக் கலந்தால் புகைக்கும் என்று இரண்டு பையன்கள் அவரோடு வாதாடினார்கள். ஐந்தாம் வருகையில் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுவிட்டு நின்றார். றஹ்மா என்ற பிள்ளை, வருடக்கணக்காக ஒரு வார்த்தை பேசாதவள் என்று அதிபர் இன்னாசிப்பிள்ளை சொன்ன பிள்ளை, எழுந்துபோய் அதை அழித்துத் திருத்தினாள்.

அன்றைக்கு இசபெல் கூட்டிப் பார்த்தபோது எண்பத்தெட்டு வந்தது. பேனையை மூடிவைத்து விட்டாள்.

எண்பதும் அதற்கு மேலும் எடுத்தவர்களை வலயத்தில் வளவாளர் ஆக்குவார்கள். நகரத்திலுள்ள பயிற்சி நிலையத்துக்கு இணைப்புச் செய்து, மற்ற ஆசிரியர்களைப் பயிற்றச் சொல்வார்கள். போனவர் திரும்புவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை அப்படித்தான் போனார். அவருக்குப் பதிலாள் இன்னும் வரவில்லை. போன வருடப் பரீட்சையில் அந்தத் தீவில் ஒருவரும் விஞ்ஞானத்தில் சித்தியடையவில்லை. இந்த வருடம் கணிதத்துக்குப் பதினொரு பிள்ளைகள். பரீட்சைக்கு ஒன்பது வாரம் இருந்தது. இந்த ஒன்பது வாரமும் அக்மல் நின்றால் ஆறு பேராவது சித்தியடைவார்கள் என்று இசபெல் கணக்குப் போட்டாள். கணிதத்தில் சித்தி இல்லாமல் உயர்தர வகுப்பு இல்லை. உயர்தரம் இல்லாவிட்டால் பையன்களுக்குக் கடல், பெண்பிள்ளைகளுக்குக் கருவாடு காயப்போடும் பாய்.

அதனால் அவள் புள்ளியைக் குறைத்தாள். வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக, எங்கே ஒன்று குறைத்தால் உறுத்தாது என்று பார்த்துப் பார்த்துக் குறைத்தாள். எழுபத்தொன்பது ஆபத்து, வளவாளர் தொகையைக் கூட்டிக் காட்டுவதற்காக எழுபத்தொன்பதை எண்பதாக்கியவர்கள் வலயக் காரியாலயத்தில் இருந்தார்கள். எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் மனம் ஆறும். எழுபத்து நான்கு என்று எழுதி அனுப்பிவிட்டாள். ஐம்பதுக்கும் எண்பதுக்கும் இடையில் உள்ளவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரை நல்ல இடத்தில் ஒளித்துவைத்து விட்டோம் என்று நினைத்தாள்.

நான்காம் வருகைக்கு அவள் போட்ட புள்ளி எழுபத்தேழு. அதை அவள் யோசிக்கவேயில்லை.

இரண்டு வாரத்தில் அக்மலுக்குக் கடிதம் போனது. முந்தைய வருகையைவிடப் புள்ளி இறங்கிய ஆசிரியர்களுக்கு நகரத்தில் ஆறு வார மீள்பயிற்சி, வருகின்ற திங்கள் முதல். இன்னாசிப்பிள்ளை தொலைபேசியில் அதை இசபெலுக்கு வாசித்துக் காட்டினார்.

அன்று பின்னேரமே திட்ட இணைப்பாளர் ஹிஸ்புல்லாவிடம் ஓடினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கெட்ட மனிதரல்ல. தாளைத் திருப்பிக் காட்டினார். ஐம்பத்தெட்டு, அறுபத்தாறு, எழுபத்தொன்று, எழுபத்தேழு, பிறகு சிவப்பில் எழுபத்து நான்கு.

"டீச்சர், கூடினவங்களும் இங்கதான் வருவாங்க, குறைஞ்சவங்களும் இங்கதான் வருவாங்க," என்றார். "நடுவுல நிக்கிறவங்கதான் தீவுல நிப்பாங்க. உங்கட ஆள் நடுவுல நிக்கல்லயே, சறுக்கிட்டாரே."

புள்ளி இடுவதில் பிழை நேர்ந்ததென்று எழுதித் தந்தால் திருத்தலாம் என்றார். ஆனால் திருத்தினால் உண்மைப் புள்ளியைத்தான் போட வேண்டும். எண்பத்தெட்டு என்றால் வளவாளர் பட்டியல். இன்னொரு முறை பொய் எழுதச் சொல்லித் தன்னிடம் கேட்க வேண்டாம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

திருத்தாமல் விட்டால் ஆறு வாரத்தில் அக்மல் திரும்புவார். பரீட்சைக்குச் சில நாள்தான் மிஞ்சும், கூடவே அவர் பெயரில் ஒரு கறை. திருத்தினால் கறை இல்லை, ஆளும் இல்லை. இரவு முழுக்க யோசித்தும் அவளால் முடிவெடுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அக்மல் தீவிலிருந்து வீட்டுக்குப் போகிற நாள். கற்பிட்டித் துறையில் போய்க் காத்து நின்றாள்.

படகிலிருந்து இறங்கியவர் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் சலாமும் சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. தீவில் கதை பரவிவிட்டதாம். பிள்ளையொன்றின் தகப்பன், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர், சேரும் பெயிலா என்று கேட்டாராம். இசபெல் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். எண்பத்தெட்டு வந்ததைச் சொன்னபோது அவர் பையைக் கீழே வைத்தார்.

"உங்களத் தீவுல வெச்சிருக்கத்தான் சேர் அப்பிடிச் செஞ்சன்."

"வெச்சிருக்கவா? நான் என்ன டீச்சர், அலுமாரியா?"

அவர் பையைத் திரும்பத் தூக்கவில்லை.

"அஞ்சு தரம் வந்தீங்க," என்றார் அவர். குரல் உயரவில்லை. "இருபது கேள்வி. நீங்க இங்க நிக்க விருப்பமா சேர் என்டு ஒரு தரம் கேட்டீங்களா? மகளுக்கு நாலு வயசு. ஞாயித்துக்கிழமை பின்னேரம் நான் பையைத் தூக்கினா கதவுக்குப் பின்னால போய் ஒளிச்சி நிப்பா. மூணு தரம் இடமாத்தம் கேட்டு எழுதிட்டேன். பதிலாள் இல்லாம விடமாட்டமென்டாங்க. போறதுக்கு எனக்கிருந்த ஒரே வழி அந்த எண்பதுதான்."

"பிள்ளைகள்..." என்று தொடங்கினாள்.

"அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொரு நாளும் பாக்கிறது நான். அத நீங்க எனக்குச் சொல்லித் தராதீங்க." கீழே வைத்த பையைத் தூக்கினார். "உண்மையான புள்ளியப் போடுங்க டீச்சர். பரீட்ச முடியும் மட்டும் நிக்க விடச் சொல்லி நானும் எழுதுறேன்."

திங்கட்கிழமை இசபெல் எண்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். மீள்பயிற்சி ரத்தானது. பரீட்சை வரை நிற்க விடும்படி அக்மலும் எழுதினார், அவளும் எழுதினாள், இன்னாசிப்பிள்ளையும் எழுதினார். வளவாளர் பட்டியலில் ஓரிடம் நிரம்பாமல் கிடந்ததாம். மூன்று கடிதத்துக்கும் ஒரே பதில் வந்தது: பயிற்சி நிலையத்துக்கு இணைப்பு, உடனடியாக.

வாரத்தில் ஒரு நாள் தீவுக்குப் போக அனுமதி தரச் சொல்லித் தன்னுடைய பாடசாலை அதிபரிடம் இசபெல் கேட்டாள். உன் சொந்த வகுப்புகளிலேயே அதே பரீட்சைக்கு எழுபது பேர் இருக்கிறார்களே என்றார் அவர். அதுவும் நியாயம்தான்.

ஆறாம் வருகையை யாரும் ரத்துச் செய்யவில்லை. பார்க்கப்பட வேண்டியவர் அங்கே இல்லை என்பது காரியாலயத்தில் யாருக்கும் உறைக்கவில்லை போலும். மூன்று வாரம் பிந்தி, பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இசபெல் போனாள். வகுப்பில் ஏழு பேர்தான் இருந்தார்கள். மற்ற நாலு பையன்களும் இரண்டு வாரமாகக் கடலுக்குப் போகிறார்கள் என்றார் இன்னாசிப்பிள்ளை. வரச்சொல்லி வீடுவீடாகப் போனாராம். வந்து யாரிடம் படிப்பது என்று கேட்டார்களாம்.

அவள் கடைசி வாங்குக்குப் போகவில்லை. வெண்கட்டியை எடுத்து, கடந்தகால வினாத்தாளின் முதற்கணக்கை எழுதி, எப்படித் தொடங்குவது என்று கேட்டுவிட்டுப் பொறுத்து நின்றாள். பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள். றஹ்மாவின் கை மெல்ல எழுந்தது.

"டீச்சர், நீங்க ஒன்டரைப் படகுல போயிருவீங்க தானே?"

"ஓம்."

"பிறகு வருவீங்களா?"

"இல்ல பிள்ள. இதுதான் கடைசி."

றஹ்மா மற்றவர்களைப் பார்த்தாள். "அப்ப செய்முறை வேணாம் டீச்சர். முப்பது கணக்குக்கும் விடைய மட்டும் எழுதி விடுங்க. நாங்க பாடமாக்கிக்கிறோம்."

அந்த வினாத்தாள் திரும்ப வராது என்று இசபெல் சொல்லியிருக்க வேண்டும். விடையைப் பாடமாக்கிக் கணக்கில் யாரும் சித்தியடைந்ததில்லை என்றும் சொல்லியிருக்க வேண்டும். ஏழு பேரும் கொப்பியை விரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் கரும்பலகையை அழித்துவிட்டு, ஒன்று முதல் இலக்கமிட்டு, விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதத் தொடங்கினாள்.