எந்தக் கையில் அவள் குரல்

இசைத்தட்டு ஓட ஒரு கை போதும். கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் இரண்டு இருந்தன. சுழலும் தட்டுக்கு வலப்பக்கம் பழைய கை: வளைந்து நெளிந்த கனத்த உலோகக் குழாய், முனையில் ஊசி, பின்னால் ஒரு எடைக்குண்டு. தட்டுக்குப் பின்பக்கம் புதுக் கை: நேரான கார்பன் குச்சி, ஊதினால் பறந்துவிடும் போல அத்தனை லேசு. பழையது அவருடையது. புதியதை அவர் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், வாங்கி வந்து வம்படியாக மாட்டிவிட்டான். அன்றிலிருந்து இருவரும் எலியும் பூனையும்தான்.

"கனம் இருந்தாத்தான் மாப்ளே, குரல்ல சதை இருக்கும்" என்பார் அவர்.

"கனம் தட்டைத்தான் உழும், அத்தான். அந்த வளைவு எதுக்கு? ஊசியைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்க. என் கையில முனையை மட்டும் சாய்ச்சு ஒட்டிட்டான், வேலை முடிஞ்சது. இதுக்குப் போய் இவ்வளவு இரும்பை வளைப்பாங்களா?"

இதெல்லாம் அவர்கள் இருவரின் கிறுக்கு என்று அவர் மனைவி ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்க விடாதது அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்ட தட்டு. அவள் படித்த பள்ளியின் ஆண்டுவிழாவுக்காக நாற்பது பெண்கள் சேர்ந்து பாடிய பாட்டு அது. கல்யாணமான புதிதில் அவள் பெட்டிக்குள் அதைப் பார்த்துவிட்டு, "இதுல நீயும் பாடியிருக்கியா?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர். அவள் தலையாட்டிவைத்தாள். தட்டை ஓடவிட்டார். இரண்டாம் சரணத்தில் ஒரு குரல் மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பிந்தி வந்து, மேலே எழும். "இதான் நீ!" என்று துள்ளிக் குதித்தார். புருஷன் அப்படித் துள்ளும்போது இல்லை என்று சொல்ல எந்தப் புதுப்பெண்ணுக்கு வாய் வரும்?

உண்மை வேறு. பாட்டு டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் ஓரமாக நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்று சொல்லிவிட்டார். பிந்தி வந்த குரல் அவள் பக்கத்தில் நின்ற சுருட்டைமுடிக்காரியுடையது. ஆக, பத்தொன்பது வருஷமாக அவள் புருஷன் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, விளக்கைக் குறைத்து, கண்ணை மூடிச் சுருட்டைமுடிக்காரியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டு முடித்ததும் சமையலறைக்கு வந்து அவளை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை தனக்குச் சேர வேண்டியதில்லை என்று தெரிந்தும் அவள் வாங்கிக்கொண்டாள். வயிற்றெரிச்சலோடுதான் வாங்கினாள். உண்மையைச் சொன்னால் அது நின்றுவிடுமே என்று அவளுக்குப் பயம்.

பெரிய சோதனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். ஃபிரிட்ஜை அணைத்தாயிற்று. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி உள்ளறையில் தலையணைக்கடியில் வைத்தாயிற்று. மாடிவீட்டுக்காரரிடம், மதியம்வரை தயவுசெய்து நடக்க வேண்டாம் என்று தம்பி கேட்டுக்கொண்டான். அவரும் நல்ல மனுஷர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எப்போது எழுந்திருக்கலாம் என்று ஜன்னல் வழியாக அவ்வப்போது விசாரித்துக்கொண்டிருந்தார். பந்தயம் வேறு: எந்தக் கை தோற்கிறதோ அந்தக் கைக்காரர் இனி இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. தோற்றால் தன் வீட்டுக்குத் தான் எப்படி வருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் யோசிக்கவில்லை. சூட்டோடு சூடாக ஒத்துக்கொண்டுவிட்டார்.

முதலில் பழைய கை இறங்கியது.

"கேட்டியா மாப்ளே? பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இல்ல?"

பிறகு புதுக் கை.

"அத்தான், அக்கா மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது!"

"மூச்சை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என் பொண்டாட்டி குரல் இவ்வளவு ஒல்லியா?"

"எங்க அக்கா குரல் அவ்வளவு தடியா?"

பழையது, புதியது, மறுபடி பழையது என்று மாற்றி மாற்றி வைத்துத் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டார்கள். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நீயே சொல்லு" என்றார் அவர். "எது நீ?"

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அவளுக்கு அது அந்த இடத்தில் வந்தது.

"ரெண்டும் நான் இல்ல. அது என் பக்கத்துல நின்ன சுருட்டைமுடிக்காரி. நான் அன்னைக்குப் பாடவே இல்ல. வாயைத்தான் அசைச்சேன்."

"எந்திரிக்கலாமா?" என்று மாடியிலிருந்து கேட்டது.

"அக்கா, சும்மா இரு" என்றான் தம்பி. "தன் குரல் தனக்கே அடையாளம் தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான்."

"அதானே!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். புதுக் கை வந்த நாளிலிருந்து இருவரும் ஒரே கட்சியில் நின்றது அப்போதுதான். "உனக்கு என்ன தெரியும்? நீ அங்க இருந்தவ, அவ்வளவுதான். கேட்டவன் நான்."

"நான் பாடினேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "தினம் அவளைக் கேட்டுட்டு வந்து என்னைப் பாக்குறீங்க. எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது தெரியுமா உங்களுக்கு?"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "அப்ப நான் இத்தனை நாளா யாரை..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். போச்சு, இனி அந்தப் பார்வை இல்லை என்று அவள் நினைத்தாள்.

அவர் நிமிர்ந்து, "நீ எங்க நின்ன?" என்று கேட்டார்.

"கடைசி வரிசை. இடது ஓரம்."

எழுந்தார். பழைய கையைத் தொடவில்லை. இத்தனை நாள் கரித்துக்கொட்டிய புதுக் கையை இரண்டு விரலால் தூக்கி, இரண்டாம் சரணத்துக்கு நேராக இறக்கினார். பிறகு இடப்பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, கண்ணை மூடி, காதை அதன்மேல் ஒட்டிவைத்தார். சுருட்டைமுடிக்காரி வழக்கம்போலப் பிந்தி வந்தாள், மேலே எழுந்தாள். அவர் சட்டை செய்யவே இல்லை. மனைவியின் மனசு அங்கேயே பாதி ஆறிவிட்டது.

"ஷ்ஷ்" என்றார். "கேக்குது."

"என்னத்தைக் கேக்குது? நான்தான் பாடலையே!"

"வாய் அசையுறது கேக்குது."

"புதுக் கையிலதான் அத்தான் அதெல்லாம் கேக்கும்!" என்று தம்பி குதித்தான். "ஜெயிச்சாச்சு! நீங்க வெளிய போகணும்."

"போறேன். பாட்டு முடியட்டும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்தக் கிறுக்கு மனுஷனோடு இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் குடித்தனம் நடத்தலாம் என்று தோன்றியது. போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நிஜமாவே கேக்குதாங்க?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்தார்.

"பேசாத. நீ பாடிக்கிட்டிருக்க."