நான் இருக்கேம்லா

"தலைப்பக்கம் பிடிக்க இன்னும் ஒரு ஆள் வேணுமே" என்றாள், மையத்தைக் குளிப்பாட்ட வந்திருந்த ஹைருன் பீவி.

பின்கட்டில் நான்கு பக்கமும் சேலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். நடுவே பலகையில் ஜாஹிரா பீவி உயிரில்லாமல் கிடந்தாள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் இரண்டு அண்டாக்களில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மேலே ஓட்டு விளிம்பிலிருந்து சாரல் சொட்டியது.

மெஹர் பானு ஓரடி முன்னால் வந்தாள். "நான் பிடிக்கேன்."

அங்கே நின்ற பெண்கள் மூவரும் அவளைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ தள்ளி நில்லு தாயி" என்றாள் ஹைருன் பீவி.

"அவங்க என்னை எத்தனை நாள் தூக்கி உக்கார வச்சிருக்காங்க. ஒரு தடவை நான் தூக்கப்படாதா?"

"தூக்கலாம். பொறவு உன்னைத் தூக்க யாரு இருக்கா?"

ஹைருன் பீவி அதை வெடுக்கென்று சொல்லவில்லை. இருந்தும் சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் தலைமாட்டுக்குப் போனாள். மெஹர் பானுவின் கையில் ஒரு செம்பைக் கொடுத்தார்கள். குனியாமல் முக்கி எடுக்க வசதியாக அண்டாவை முக்காலி மேல் தூக்கி வைத்தார்கள். அவள் மொண்டு மொண்டு ஊற்றினாள்.

கால்களுக்கு வந்தபோது ஹைருன் பீவியின் கை நின்றது. கணுக்காலுக்கு மேல் அவளது பெருவிரல் அழுந்திய இடத்தில் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது.

"இது என்னடி, காலு இப்படி வீங்கிக் கெடக்கு?"

மெஹர் பானுவுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை. ஒரு மாதமாக மைனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கியதை மட்டும் பார்த்திருந்தாள். விழித்திருந்து திக்ரு ஓதுகிறாள் என்றுதான் நினைத்தாள். இன்று விடியற்காலை சுபுஹு தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவுக்குப் போனவள் தலையைத் தூக்கவில்லை. ஏதோ நீளமான துஆ போல என்று மெஹர் பானு வெகுநேரம் காத்திருந்தாள்.

மைனி ஜாஹிரா பீவி அவளுடைய புருஷனின் அக்காள். நாற்பத்து மூன்று வயது. கல்யாணமான மறுவருஷம் ரங்கூனுக்குப் போன மாப்பிள்ளை திரும்பவில்லை. யுத்தத்துக்குப் பிறகு கடிதமும் இல்லை. தம்பி துல்கர்னைன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவன் கைலி மூட்டைகளோடு புனலூர், கொல்லம் என்று ரயிலேறிப் போய் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வருகிறவன். வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும்தான்.

அந்தக் குழந்தை நூர்நிஷா பிறந்த இருபதாம் நாள், தொட்டிலிலிருந்து அவளை எடுக்கக் குனிந்தபோதுதான் மெஹர் பானுவின் முதுகுக்குள் ஏதோ நொறுங்கியது. காய்ந்த சுள்ளியை மிதித்தது போல ஒரு சத்தம். பிள்ளை பெற்ற உடம்பு, வாயு என்றார்கள். காயத் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க வலி கூடியது. இருமினால் உயிர் போனது. இருபது வயதுப் பெண் பிள்ளை வளர்க்கச் சோம்பி நடிக்கிறாள் என்று வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் தெருவில் பேசினார்கள். "எவ நடிக்கா? இங்கன வந்து அவ முதுகைத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு" என்று ஜாஹிரா பீவி வாசலில் நின்று கத்தியது இவளுக்குக் கேட்டது.

மூன்று மாதம் கழித்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முதுகெலும்பில் மூன்று கட்டைகள் நசுங்கியிருப்பது தெரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்கும் பாலுக்குமாக எலும்பின் சுண்ணாம்பெல்லாம் வடிந்துவிட்டது என்றார்கள். ஆயிரத்தில் ஒருத்திக்கோ லட்சத்தில் ஒருத்திக்கோ இப்படி வருமாம். பாலை நிறுத்தச் சொன்னார்கள். ஒரு வருஷம் பலகையில் படுத்துக் கிடந்தாள். எழுந்து நின்றபோது துல்கர்னைனின் காதுவரை இருந்த அவள் உச்சந்தலை தோளுக்கு இறங்கியிருந்தது.

தன் பிள்ளையை அவள் இடுப்பில் வைத்ததே இல்லை. படுத்தபடி பக்கத்தில் போடச் சொல்லி முகர்ந்திருக்கிறாள். குளிப்பாட்டியது, தோளில் போட்டுத் தட்டியது, காய்ச்சலில் ராப்பகலாய் மடியில் வைத்திருந்தது எல்லாம் மைனி.

இப்போது நூர்நிஷாவுக்கு ஐந்தரை வயது. இவளுக்கும் உடம்பு தேறிவிட்டது, நடக்கிறாள், சமைக்கிறாள். குனிவதும் கனம் தூக்குவதும்தான் கிடையாது. ஒரு வருஷமாக மனசுக்குள் ஒரு ஆசை முளைத்துக்கொண்டிருந்தது. அதைப் புருஷனிடம் சொல்ல முடியாது. அவன் ஊருக்கு வந்தால் முன்னறையில் பாயைப் போட்டுக்கொள்வான். "எனக்கு ஒரு பிள்ள போதும், நீ இருந்தாப் போதும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை.

கடைசியில் மைனியிடம்தான் சொன்னாள். சொன்ன வாரமே, போன சனிக்கிழமை, ஜாஹிரா பீவி அவளை டாக்டரம்மா ரெபேக்காளிடம் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா பழைய எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. எங்க புத்தகத்திலேயே இதைப் பத்தி நாலு வரிதான் இருக்கு. அடுத்ததுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம். இன்னும் ரெண்டு கட்டை நசுங்கவும் செய்யலாம்."

"பெத்துக்கிடவே கூடாதா?"

"கூடாதுன்னு சொல்ல எனக்குத் தெரியாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் மீன் எண்ணெயும் இப்பவே ஆரம்பிக்கணும். பிறந்தா பால் குடுக்கக் கூடாது. ஒரு வருஷம் பிள்ளையைத் தூக்கவே கூடாது. கூடவே ஒரு ஆள் இருக்கணும்."

"நான் இருக்கேம்லா" என்றாள் ஜாஹிரா பீவி.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "வேற யாரும் இல்லையா வீட்டுல?"

"நான் இருக்கும்போது வேற யாரு?"

டாக்டரம்மா சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அன்றைக்கு அங்கிருந்தே பஸ் ஏறிக் குற்றாலம் போனார்கள். மெஹர் பானு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பெரிய அருவியில் தண்ணீர் திம்திம்மென்று விழுந்தது. அந்த அடியை அவள் முதுகு தாங்காது. தள்ளிப் பாறையோரம் உட்கார்ந்து, பெண்கள் கூட்டத்துக்குள் போய்வந்த மைனியைப் பார்த்தாள். திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. பேச்சே வரவில்லை. நனைந்த முக்காட்டுத் துண்டை இவள் தலைமேல் பிடித்துப் பிழிந்தாள். "இந்தா, உனக்கு அருவி" என்றாள், வாயால் மூச்சு விட்டபடி. "வெள்ளிக்கிழமை தம்பி வரட்டும். நான் பேசுதேன். நீ ஒண்ணும் பேசாத."

இன்று புதன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

தந்தி கிடைத்து துல்கர்னைன் ரயிலில் வந்து சேரும்போது மணி இரண்டு. கஃபன் துணி சுற்றி முகம் மட்டும் திறந்திருந்தது. அவன் வாசலில் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்தான். அக்காளின் நெற்றிக்கு அருகே கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்குள் மெஹர் பானுவைத் தேடினான்.

"நீ குனிஞ்சி கினிஞ்சி எதுவும் செய்யலையே?" என்றான். வந்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

"இல்ல."

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கலிமா ஓதும் சத்தம் தெருமுனையில் திரும்பிக் கரைந்தது. பெண்கள் உள்ளே திரும்பினார்கள். மெஹர் பானுவால் தரையில் அவர்களோடு உட்கார முடியாது. பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வீட்டு நர்ஸ் சுகிர்தம் காலையிலேயே நூர்நிஷாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள். இப்போது அவள் மட்டும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"பிள்ள சாப்பிட்டாளா அக்கா?"

"சாப்பிட்டா. ஜாஹிரா மாமி எங்கன்னு கேட்டா. தூங்குதா."

இருவரும் முற்றத்தில் விழும் தூறலைப் பார்த்தார்கள்.

"காலு வீங்கியிருந்துச்சு" என்றாள் மெஹர் பானு.

சுகிர்தம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"உங்களுக்குத் தெரியும்லா?"

"ஒரு மாசத்துக்கு முந்தி என்னைக் கூட்டிக்கிட்டுத்தான் டாக்டரம்மாகிட்ட போனாங்க. இருதயம் வீங்கிக் கெடக்குன்னாங்க. படி ஏறப்படாது, தண்ணி இறைக்கப்படாது. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்த பார்வை மெஹர் பானுவுக்கு இப்போது விளங்கியது.

"தெரிஞ்சுமா எனக்கு வாக்குக் குடுத்தாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது." சுகிர்தம் சுற்றிய தலைப்பைப் பிரித்தாள். "ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போயிட்டு வரும்போது வழியில நின்னாங்க. 'ஏட்டி சுகிர்தம், எனக்கு ஒண்ணு ஆயிட்டா எங்க மெஹரு பிள்ளையை நீ தூக்குவியா'ன்னு கேட்டாங்க. நூர்நிஷாவைச் சொல்லுதாங்கன்னு நெனச்சேன். 'அவ என்ன கைப்பிள்ளையா, தூக்கதுக்கு'ன்னு சிரிச்சிட்டு வந்துட்டேன். பதில் சொல்லாமலே வந்துட்டேன் மெஹரு."

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பியவர்கள் வாசலில் நின்று சலாம் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். துல்கர்னைன் கைகால் கழுவிக்கொண்டு அக்காளின் அறைக்குள் போனான். பெண்கள் படுக்கையைச் சுருட்டியபோது தலையணை உறைக்குள்ளிருந்து விழுந்த சீட்டு ஜன்னல் திண்டில் கிடந்தது. எடுத்துப் பிரித்தான்.

"உன் பேரு போட்டிருக்கு" என்றான். "தேதி போன சனிக்கிழமை. உனக்கு என்ன?"

மெஹர் பானு கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. மைனி இருந்தால் இந்த இடத்தில் முன்னால் வந்து நின்றிருப்பாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. இன்னொரு பிள்ள பெத்துக்கிடலாமான்னு கேட்கப் போனோம்."

அவன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்காவும் வந்தாளா?"

"அவங்கதான் கூட்டிப் போனாங்க. நீங்க வந்ததும் உங்ககிட்ட சொல்லுதேன்னாங்க. அவங்களுக்கு இருதயத்துல நோவு. ஒரு மாசமா தெரியுமாம். என்கிட்டயும் சொல்லல."

துல்கர்னைன் சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். சீட்டை நான்காக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். மணல் ஒட்டியிருந்த அவன் நகக்கண்களை அவள் பார்த்தாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். 'பிள்ள பிள்ளன்னு எங்க அக்காளைக் கொன்னுட்டியே' என்றுகூடச் சொல்லட்டும். அந்த வார்த்தையைக் காலையிலிருந்து அவளே நூறு தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாயிற்று.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"நசுங்கினாலும் நசுங்கும், இல்லாட்டியும் இல்லையாம். அவங்களுக்கே தெரியலையாம்."

"நீ பலகையில கெடந்தப்போ ராத்திரி நீ முனகுதது முன்னறைக்குக் கேக்கும்" என்றான் அவன். "நான் புனலூருக்குப் போனதே அதைக் கேக்க முடியாமத்தான். அக்கா கேட்டுக்கிட்டே இருந்தா." பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "உனக்கு என்ன தோணுது?"

அவள் வாயைத் திறந்தாள். வாசலில் சத்தம் கேட்டது.

சுகிர்தம் தோளில் நூர்நிஷாவைப் போட்டுக்கொண்டு தூறலில் நனைந்தபடி வந்தாள். "முழிச்சா, அழுதா, மறுபடியும் தூங்கிட்டா" என்றாள் மெதுவாக. துல்கர்னைன் எழுந்து கைகளை நீட்டினான்.

"என்கிட்ட குடுங்க" என்றாள் மெஹர் பானு.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"உக்காந்துதான இருக்கேன். மடியில வைங்க."

முதுகை நாற்காலியின் சட்டத்தோடு ஒட்ட நிமிர்த்திக்கொண்டாள். துல்கர்னைன் ஒரு கையைப் பிள்ளையின் அடியில் கொடுத்தான். சுகிர்தம் மெல்ல மெல்ல இறக்கினாள். இருவரும் கையை உடனே எடுத்துவிடவில்லை. கடைசியாகப் புருஷனின் கை விலகியபோது முழுக் கனமும் தொடையில் இறங்கியது. பிள்ளையின் தலை அவள் கழுத்தடியில் வெதுவெதுப்பாகச் சாய்ந்தது.

மெஹர் பானு மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குள் காது கொடுத்தாள். துல்கர்னைன் அவள் முகத்தையே பார்த்தபடி அரைக்குனிவாக நின்றான். அந்தி மக்ரிபுக்குப் பாங்கு சொல்லி முடித்தார்கள். யாரும் அசையவில்லை.

நூர்நிஷாவின் கால்கள் மடியில் அடங்காமல் தொங்கி, பெருவிரல்கள் இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.